கிளி என்னிடம் இருந்த ஏழு மாதம்

விடியுமுன் மபெலின் பழைய சரக்குவண்டி
விளக்கை அணைத்துக்கொண்டு வந்து நின்றது.
நிடியா இறங்கவில்லை.
கண்ணாடியைப் பாதி இறக்கி
துண்டு போர்த்திய கூண்டொன்றை நீட்டினாள்.
"இதை அவனிடம் விட்டுவிட்டுப் போக முடியாமல்தான்
மூன்று தடவை போகாமல் இருந்தேன்."
பின்னிருக்கையில் பிள்ளைகள்
பள்ளிச் சீருடையோடு தூங்கினார்கள்.
வண்டி ஆற்றோரச் சாலையில் திரும்பியது.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் தெரிந்துவிடும்.
தெரிந்தால் ஒருநாள் என் முகமே சொல்லிவிடும்.

சால்ட்டோவில் அது ஆரஞ்சுக் காலம்.
பெட்டி கட்டும் கொட்டகையில் எழுபது பெண்கள்.
பழம் பொறுக்கிப் பழகிய கை
தோலுக்கு அடியில் கன்றியிருப்பதைத்
தொட்டதும் அறியும்.
அறிந்து, வெகுகாலம்
ஒதுக்கி வைக்க மட்டுமே தெரிந்திருந்தது எங்களுக்கு.
பிறகுதான் மபெல் வண்டியைக் கொடுத்தாள்.
சுல்மாவின் உறைபெட்டியில்
கோழிக்கும் பட்டாணிக்கும் கீழே
எட்டுப் பேரின் அடையாள அட்டைகள்.
என்னிடம் கொல்லைப்புறம் மட்டும் இருந்தது.
விட்டுப்போக மனம் வராதவை என்னிடம் வந்தன:
ஒற்றைக்கண் நாய், ஒருமுறை சினையாடு,
ஓர் ஆமை.
வீடு மாறியதையே ஆமை கவனிக்கவில்லை.

கிளி மூன்று நாள் வாய் திறக்கவில்லை.
நான்காம் நாள் கடையிலிருந்து
பத்து நிமிடம் பிந்தி நுழைந்தேன்.
கூண்டிலிருந்து ஓர் ஆண்குரல்:
"எங்கே போயிருந்தாய்?"

பை நழுவியது. முட்டைகள் உடைந்தன.
ஐம்பத்தாறு வயதுத் தனிக்கட்டை நான்.
யாருக்கும் கணக்குச் சொல்லி வாழாதவள்.
"முட்டை வாங்க" என்றேன்,
கிளியிடம்.

அந்தச் சனிக்கிழமை அவனே வந்தான்
கொட்டகை வாசலுக்கு. மழுங்கச் சவரம், கையில் பூங்கொத்து.
தேவாலயக் கூரைக்குக் காசு வாங்காமல்
தகரம் போட்டுக் கொடுத்தவன்.
"வீட்டில் எல்லாம் நலமா?" என்று என்னையும் கேட்டான்.
அதே குரல்தான், கொஞ்சம் சர்க்கரை தூவியது.
"நலம்" என்றேன்,
கையிலிருந்த பழத்தைத் தாளில் சுற்றியபடி.
சுற்றிய பழத்தையே மறுபடி சுற்றியபடி.

விளக்கணைத்த பிறகு
கிளி வேறொன்று சொல்லும்.
பூட்டில் சாவி திரும்பும் ஓசை.
கதவு.
அப்புறம் மிகத் தாழ்வாக ஒரு பெண்:
"உஷ்... உஷ்... தூங்குவதுபோல் இருங்கள்."
வரிசை ஓர் இரவும் மாறியதில்லை.

அப்போதே போயிருக்கலாமே என்று
நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்,
கொட்டகையில், அவள் காதில் விழும்படியே.
இருட்டில் உட்கார்ந்து
அந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காலை வணக்கம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன்.
மபெல் ஒரு பழைய நடனப் பாட்டு பாடிக் காட்டினாள்.
கிளி தானாகக் கற்றதோ
என் மாத்தே குடுவையின் கடைசி உறிஞ்சல்.
அதை நாளுக்கு நூறு முறை.
எரிச்சலாக வரும். ஆனாலும் நிறுத்தவில்லை நான்.

பூக்கள் உதிரும் மாதத்தில் நிடியா வந்தாள்.
முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்,
கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.
துண்டை விலக்கினாள்.
கிளி தலையைச் சாய்த்து, அவள் கண்ணைப் பார்த்து,
அவன் குரலில் கேட்டது:
"எங்கே போயிருந்தாய்?"

கதவுப் பக்கம் ஒரு கணம்
அவள் பார்வை ஓடித் திரும்பியது.
பிறகு நாற்காலியைக் கூண்டருகே இழுத்துப் போட்டு
உட்கார்ந்தாள்.
"சொல்கிறேன், கேள்" என்றாள்.
பேருந்தில் தொடங்கினாள்.
சின்னவன் வழியில் வாந்தி எடுத்தது,
தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும் ஓர் அறை,
துணி ஆலையில் இரவுமுறை,
அங்கே கடனுக்குச் சீனி கொடுக்கும் ஒருத்தி...

ஊரின் பெயர் வரப்போகிறது என்று தெரிந்ததும்
நான் எழுந்து போய்
குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.
கழுவ ஒரு கோப்பைகூட இல்லை.